சில்லாலை காத்த இரகசியம்

ஈழத்துத் திருச்சபையின் கதை – 11

சென்ற இதழில் 1658 ஜூன் மாதத்தோடு நிறுத்தியிருந்தோம். மூன்று மாதத்துக்கும் மேலாக முற்றுகையில் கிடந்த யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் ஒப்படைத்தார்கள். கோட்டைக் கதவு திறந்தது. பசியால் வாடிய வீரர்களும் அவர்களோடிருந்த குருமாரும் வெளியே வந்தார்கள். குருமார் தீவை விட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

அதே ஆண்டில் புதிய ஆட்சியைக் கவிழ்க்கச் சதி நடந்ததாகச் சிலர் பிடிபட்டார்கள். சதி பற்றி அறிந்திருந்தும் சொல்லவில்லை என்று கல்தேரா என்ற இயேசு சபைக் குருவானவரின் தலை வெட்டப்பட்டது. கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்ற கட்டளையும் அந்த ஆண்டிலேயே வந்தது.

ஒல்லாந்தரின் அச்சத்துக்கு அரசியல் காரணம் இருந்தது. கடலுக்கு அப்பால் கோவா இன்னும் போர்த்துக்கேயர் கையில்தான் இருந்தது. குருவானவர் என்றால் எதிரியின் ஒற்றன் என்றே கொழும்பிலிருந்த ஒல்லாந்த அதிகாரிகள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் போர்த்துக்கேயரை எண்ணிப் பார்க்கவும் நேரமில்லாத உழவரும் மீனவரும்.

இன்னோர் உண்மையையும் இங்கே மறைக்கக்கூடாது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேரா இடித்தான். சைவர்கள் தங்கள் தெய்வத்தை வீட்டுக்குள் ஒளித்து வணங்க வேண்டிய நிலை அப்போதே வந்துவிட்டது. வாளின் நிழலில் வளர்ந்த திருச்சபை நாற்பது ஆண்டுகூடச் செல்லுமுன் இன்னொரு வாளின் கீழ் வந்து நின்றது. வாள் போன பிறகும் விசுவாசம் நிற்குமா என்ற சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நம் கதையின் மிக நல்ல அத்தியாயம் தொடங்கியதும் அங்கேதான்.

தோம்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்

போர்த்துக்கேயர் கட்டிய கோயில்களை ஒல்லாந்தர் இடிக்கவில்லை. சுரூபங்களையும் பீடங்களையும் அகற்றிவிட்டுத் தங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயங்களாக்கினார்கள். தெல்லிப்பழை, மல்லாகம், பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை என்று ஊருக்கு ஊர் ஆலயத்தோடு பள்ளிக்கூடமும் இயங்கியது. பிள்ளைகள் அங்கே போயாக வேண்டும். போகாவிட்டால் தண்டப்பணம்.

பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில்தான் ஞானஸ்நானமும் விவாகமும் எழுதப்பட்டன. அந்த ஏட்டில் ஏறாத விவாகம் அரசின் கண்ணில் விவாகமே அல்ல. அதில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் காணியில் உரித்துக் கேட்க வழியில்லை. அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றாலும் அந்த ஏட்டில் பெயர் இருந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவனை மடக்கச் சிறை தேவையில்லை, அவன் காணியைத் தொட்டால் போதும் என்பதை ஒல்லாந்தர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

பகலில் சனங்கள் பள்ளிக்குப் போய்ப் பிள்ளையின் பெயரை ஏற்றினார்கள். இரவில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய செபங்களைச் சொன்னார்கள். கர்த்தர் கற்பித்த செபம் இரண்டு இடத்திலும் சொல்லப்பட்டது. மங்கள வார்த்தை செபம் வீட்டில் மட்டும். அந்தச் செபத்தைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இவர்களை இரட்டை வேடக்காரர் என்று இன்று எழுதிவிடலாம். எழுதுகிறவனின் காணி ஆபத்தில் இல்லாதபோது அது எளிது. பிள்ளைக்குச் சோறும் வேண்டும், பிள்ளையின் ஆத்துமமும் வேண்டும் என்று தவித்த தாய் தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மறக்கவில்லை. அந்தச் சூழலில் மறக்காமலிருந்ததே விசுவாசப் பிரமாணத்தை உரக்கச் சொன்னதற்குச் சமம்.

ஆனால் கத்தோலிக்க வாழ்வுக்குப் பூசை வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் வேண்டும். சாகக் கிடக்கிறவருக்கு அவஸ்தைப் பூசுதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் குருவானவர் வேண்டும். 1658 முதல் 1687 வரை, 29 ஆண்டுகளாக, யாழ்ப்பாணத்தில் நிலையாகத் தங்கிய குருவானவர் ஒருவரும் இல்லை. கோட்டை விழுந்தபோது பிறந்த குழந்தைகள் பூசையைக் கண்ணால் காணாமலே பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

கோவாவில் ஒரு கொங்கணி இளைஞர்

ஐரோப்பியக் குருவானவர் உள்ளே வர முடியாது. கரையில் கால் வைத்த கணமே நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வரக்கூடியவர் இந்த மண்ணின் நிறத்தவராக இருக்க வேண்டும். ஆனால் ஐரோப்பியத் துறவற சபைகள் அந்த நாளில் கோவாவின் சுதேசிகளைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

அந்தப் புறக்கணிப்பிலிருந்துதான் வழி பிறந்தது. சேர்க்கப்படாத கோவாக் குருமார் சிலர் தாங்களே கூடி வாழத் தொடங்கினார்கள். புனித பிலிப்பு நேரியின் ஒரத்தோரியன் முறையைத் தங்கள் ஒழுங்காக எடுத்துக்கொண்டார்கள். ஆசிய மண்ணின் மைந்தர்களே நடத்திய முதல் குருமார் சபைகளில் அது ஒன்று. 1685இல் அதில் சேர்ந்து விரைவிலேயே அதன் தலைவராகவும் ஆனவர் யோசவ்வாஸ்.

1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்தவர். கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருப்பட்டம் பெற்றார். இலங்கையில் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்ட நாள் முதல் அவருக்கு வேறு நினைவில்லை. போக அனுமதி கேட்டபோது மேலதிகாரிகள் கன்னடக் கரைப் பகுதிக்கு அனுப்பினார்கள். கீழ்ப்படிந்து போய் 1681 முதல் 1684 வரை அங்கே உழைத்தார். திரும்பி வந்த பிறகும் இலங்கை என்ற எண்ணம் விடவில்லை. 1686இல் தலைமைப் பொறுப்பைத் துறந்துவிட்டுப் புறப்பட்டார்.

கூலியாளின் கோலம்

மேற்குக் கரை வழியே தெற்கே இறங்கித் தூத்துக்குடியை அடைந்தார். அதுவும் 1658 முதல் ஒல்லாந்தர் கையில் இருந்த துறைமுகம்தான். ஆனால் முத்துக்குளித்துறைப் பரதவர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கத்தோலிக்கர். ஒல்லாந்தரால் அவர்களை அசைக்க முடியவில்லை. அந்தக் கரையில் பணியாற்றிய இயேசு சபையார் யோசவ்வாஸ் அடிகளாருக்கு உதவினார்கள். தமிழும் அவருக்குக் கைவந்தது.

அங்கே அங்கியைக் கழற்றினார். இடுப்பில் ஒரு துண்டு, வெறுங்கால், கூலியாளின் கோலம். பூசைக்கு வேண்டியவற்றை மறைத்து எடுத்துக்கொண்டார். துணைக்கு யோவான் என்ற பணியாள் ஒருவர் மட்டும். இந்த யோவானைக் கதையில் ஓரமாக ஒதுக்கிவிடக்கூடாது. பட்டினி, காய்ச்சல், பின்னாளில் சிறை என்று அடிகளார் பட்டதெல்லாம் யோவானும் பட்டார்.

பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் கூலியாளாக மாறுவது அந்த நாளில் உடை மாற்றும் விஷயமாக மட்டும் இருக்கவில்லை. யாரும் ஏவலாம், யாரும் ஏசலாம், திண்ணையில் ஏற விடமாட்டார்கள். பேருக்கு முன்னிருந்த மரியாதை, சபைத் தலைமை, சாதி தந்த இடம் எல்லாவற்றையும் அந்தக் கரையிலேயே விட்டுவிட்டுப் படகேறினார். குருத்துவம் மட்டும் கூட வந்தது.

1687இல் புறப்பட்ட படகு காற்றில் அடிபட்டது. தண்ணீரும் உணவும் தீர்ந்து, குற்றுயிராக மன்னாரில் கரையொதுங்கினார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்தபோது இருவருக்கும் வயிற்றுளைவு கண்டது. தொற்றுநோய்க்காரர் என்று அஞ்சி ஊரார் அவர்களை ஒதுக்கினார்கள். ஊருக்கு வெளியே கிடந்தவர்களுக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். எவரென்று அறியாமல், நோய்க்கு அஞ்சாமல் கொடுத்தாள். யாழ்ப்பாணம் அடிகளாருக்கு அளித்த முதல் வரவேற்பு அந்தக் கஞ்சிதான். 29 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மண்ணில் ஒரு குருவானவரை உயிரோடு எழுப்பி உட்கார வைத்தது அந்தப் பெண்ணின் இரக்கம்.

கழுத்தில் செபமாலை

உயிர் தப்பியாயிற்று. அடுத்தது, கத்தோலிக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோர் பெயரும் ஒரே தோம்பில். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. தவறான ஒருவரிடம் கேட்டால் தன் உயிர் போவதோடு முடியாது, அந்த ஊரே சிக்கிவிடும்.

அடிகளார் ஒரு வழி கண்டார். கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரராக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். படலையில் நின்று பிச்சை கேட்பார். பிச்சை போட வருகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். சிலர் செபமாலையைக் கவனிக்கவே இல்லை. சிலர் முகம் சுளித்தார்கள். சிலருடைய கண் ஒரு கணம் அதில் தங்கியது. அப்படித் தங்கிய வீடுகளை மனத்தில் குறித்துக்கொண்டார். மறுபடியும் போனார். பேச்சுக் கொடுத்தார். நாள் செல்லச் செல்ல நம்பிக்கை பிறந்தது. கடைசியில் ஒரு வீட்டில், உங்களுக்குக் குருவானவர் வேண்டுமென்றால் கிடைப்பார் என்று மெல்லச் சொன்னார். அவர்தான் அந்தக் குருவானவர் என்பது அதன் பிறகே தெரிந்தது.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருந்ததைக் கவனிக்க வேண்டும். செபமாலையைத் தெருவில் காட்டியவர் தன் உயிரைக் காட்டினார். ஒரு பிச்சைக்காரரிடம் தாங்கள் கத்தோலிக்கர் என்று ஒப்புக்கொண்ட வீட்டார் தங்கள் காணியையும் உயிரையும் அவர் கையில் கொடுத்தார்கள். வந்தவர் ஒல்லாந்தரின் ஆளாக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அடிகளாரின் துணிவை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டாரின் துணிவும் அதே அளவானது.

ஊரே காவல்

நகரத்தில் நெடுநாள் தங்க முடியாது. கோட்டை பக்கத்தில் இருந்தது. நகருக்கு வடமேற்கே, பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலைக்கு அவரை அழைத்துப் போனார்கள். விசுவாசத்தில் உறுதியாக நின்ற ஊர் என்று கத்தோலிக்கரிடையே அது அறியப்பட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதுவே அவருடைய இருப்பிடம்.

பகலில் வெளியே வரமாட்டார். வந்தால் பிச்சைக்காரர் கோலம். இரவில் ஊர் ஊராகப் புறப்படுவார். ஒரு வீட்டில் பாவசங்கீர்த்தனம், இன்னொரு வீட்டில் ஞானஸ்நானம், விடியுமுன் எங்காவது ஒரு வீட்டுக்குள் பூசை. வேலிக்கு வெளியே சத்தம் கேட்கக்கூடாது, வெளிச்சம் தெரியக்கூடாது. முதன்முறையாகப் பூசை கண்டவர்களுக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. சனங்கள் நன்றியாகக் கொடுத்த காணிக்கைகளை அடிகளார் ஏற்க மறுத்தார். அன்றைய சோறு போதும் என்றார். வரியும் தண்டமும் கட்டி ஓய்ந்த மக்களுக்கு, தங்களிடம் எதுவும் கேட்காத அதிகாரம் ஒன்றும் உலகில் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓர் ஊர் இரண்டு ஆண்டு இரகசியம் காப்பது என்றால் என்ன என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வீட்டில் என்ன கறி என்பதுவரை தெரிந்த இடம் அது. வேலித் தகராறு இருக்கும். சீதனச் சண்டை இருக்கும். பழைய பகை தீர்க்க நினைத்தால் கோட்டைக்குப் போய் ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு ஒரு பிள்ளை வாய் தவறினாலும் போதும். இத்தனை ஓட்டைகள் இருந்தும் இரகசியம் வெளியே ஒழுகவில்லை. கோபத்தை அடக்கியவர்கள், நாவைக் கட்டியவர்கள், பிள்ளைக்கு மௌனம் பழக்கிய தாய்மார் என்று ஊர் முழுவதும் சேர்ந்து செய்த தவம் அது. கடினமான காலத்தில் பக்தியாய் வாழ்வது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சில்லாலையைத்தான் காட்டுவேன். அயலவன்மீது இருந்த கோபத்தை அவனுக்கு எதிரான ஆயுதமாக்காமலிருந்ததும் அவர்களுடைய வழிபாட்டின் ஒரு பகுதி.

1689, நத்தார் இரவு

இருந்தும் செய்தி மெல்லப் பரவியது. யாழ்ப்பாணத்தில் ஒரு குருவானவர் உலவுகிறார் என்று ஒல்லாந்தர் மோப்பம் பிடித்தார்கள். அப்போது அங்கே உயர் அதிகாரத்தோடு வந்திருந்தவர் வான் ரீட். மலையாளக் கரையின் மூலிகைகளை அந்த நாட்டு வைத்தியர்களிடமே கேட்டறிந்து, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற 12 பாகப் பெருநூலை உருவாக்கிய அதே மனிதர். இந்த மண்ணின் செடிகொடிகளை அவ்வளவு ஆசையோடு ஆராய்ந்தவருக்கு, இந்த மண்ணின் மனிதர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி செபிப்பதைப் பொறுக்க முடியவில்லை என்பது வருத்தமான உண்மை.

1689 நத்தார் இரவில் நகரத்து வீடுகளில் கத்தோலிக்கர் நடுச்சாமப் பூசைக்குக் கூடியிருந்தார்கள். படைவீரர்கள் உள்ளே புகுந்தார்கள். சுரூபங்களும் படங்களும் உடைந்தன. ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். தேடி வந்த குருவானவர் மட்டும் கிடைக்கவில்லை.

பெரும்பாலோருக்குத் தண்டப்பணம் விதித்து விட்டுவிட்டார்கள். எட்டு ஆண்களை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அவர்களில் தொன் பேதுரு என்பவர் முன்பு சீர்திருத்தத் திருச்சபையில் இருந்து கத்தோலிக்கரானவர். அவர்மீதுதான் அதிகாரிகளின் சினம் முழுவதும் இறங்கியது. அவரை அடித்தே கொன்றார்கள். மற்ற ஏழு பேரும் விலங்கோடு கடும் உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த எட்டுப் பேருக்கும் கையில் ஒரு சாவி இருந்தது. குருவானவர் எங்கே என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம். அவர்கள் சொல்லவில்லை. தொன் பேதுருவின் பெயர் திருச்சபையின் புனிதர் வரிசையில் இல்லை. ஆனால் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பெயர்களில் அதுவும் ஒன்று.

போனவரும் நின்றவர்களும்

அதற்குமேல் அடிகளார் தங்கியிருந்தால் ஊர்களுக்குத்தான் ஆபத்து. 1690இல் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். ஒல்லாந்தரின் கட்டளை அங்கே செல்லாது.

அவர் போனதும் யாழ்ப்பாணத்தில் எல்லாம் அணைந்துவிடவில்லை. அடிகளாரும் அவருக்குப் பின் வந்த ஒரத்தோரியன் குருமாரும் இந்தத் தீவெங்கும் ஓர் ஒழுங்கை வேரூன்றச் செய்தார்கள். ஊருக்கு ஒரு மூப்பர், கோயில் காரியம் பார்க்க. ஓர் அண்ணாவியார், செபம் நடத்த, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க, குருவானவர் வரமுடியாத ஞாயிறுகளில் சனத்தைக் கூட்டிவைக்க. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் குருவானவரைக் கண்ட ஊர்கள் நூற்றாண்டைக் கடந்து நின்றது இந்த மூப்பர்களாலும் அண்ணாவிமாராலும்தான். 1658க்கும் 1687க்கும் இடையில் பாட்டிமார் வீட்டுக்குள் செய்ததையே, இப்போது ஊர் ஒழுங்காகச் செய்தது.

2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசவ்வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே வடக்கே மடு அன்னையின் திருத்தலத்துக்கும் வந்தார். ஒல்லாந்தர் காலத்தில் ஓடி வந்த கத்தோலிக்கர் காட்டுக்குள் காப்பாற்றிய சுரூபம் என்று மரபு சொல்லும் அந்த அன்னையின் முன் நின்று செபித்தார். ஒளித்தவர்களின் பக்தியும் ஒளிந்து பணி செய்தவரின் பக்தியும் ஒரே நாளில் மாண்பு பெற்றன. அது பொருத்தமானது. ஒன்றில்லாமல் மற்றது பிழைத்திருக்காது. புனிதரைக் கொண்டாடும் நாம், அவரைக் காட்டிக்கொடுக்காத ஊரையும் அவரோடு சேர்த்தே கொண்டாடக் கடன்பட்டிருக்கிறோம்.

புத்தளத்திலிருந்து அடிகளாரின் கண் கண்டியின்மேல் இருந்தது. 1692இல் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது அரச வரவேற்பல்ல. போர்த்துக்கேய ஒற்றன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் அரசனிடம் குற்றம் சாட்டினார். அடிகளாரும் யோவானும் சிறைக்குப் போனார்கள். பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அந்தக் கைதியை எப்படி அறிந்துகொண்டான், கண்டியில் பெரியம்மை பரவி ஊரே ஓடியபோது நோயாளிகளோடு யார் நின்றார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)